பஞ்சவர்ணம் தின்ற ஏழு படி

அளவு சொல்லாமல் எதையும் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. ஆகவே அளவுகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் குதிரையின் பெயர் பஞ்சவர்ணம். நிறம் ஒன்றே, பழுப்பு. வயது பதினொன்று. உயரம் தோள்வரை நான்கே முக்கால் அடி. வயிற்றுவலி கண்ட அவளைக் கால்நடை மருத்துவமனைக்கு நான் நடத்திச் சென்றபோது காலை மணி ஒன்பது இருபது.

அங்கே எங்கள் ஊர்ச் செங்கோடன் தம் வெள்ளாட்டுடன் காத்திருந்தார். பஞ்சவர்ணம் முன்னங்காலால் மண்ணைப் பிறாண்டுவதும், தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். டாக்டர் நிறைமதி அவள் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். நேற்று என்ன தின்றாள் என்றார். கொள்ளு என்றேன். எத்தனை படி என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லுமுன் குதிரையின் உடல்வாகை விளக்குவது அவசியம் என்று கருதினேன்.

சென்ற மார்கழியில் அவளுக்குச் சளி பிடித்தது. தினமும் விடியற்காலை ஐந்தே காலுக்கு ஒரே ஒரு தும்மல். என் வாசலில் நான் போட்டிருந்த பதினேழு புள்ளிக் கோலம் அப்படியே எழுந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு வாசலில் ஒரு புள்ளி சிதறாமல் போய்ப் படுத்தது. நடுவில் வைத்த பூசணிப்பூகூடச் சாயவில்லை. சளி இருபத்துமூன்று நாள் நீடித்தது. அதுவரை எதிர்வீட்டம்மாள் கோலப்பொடி வாங்கவே இல்லை.

மார்கழிக் காற்று எதிர்ப்பக்கமிருந்தல்லவா அடிக்கும் என்று செங்கோடன் ஐயம் எழுப்பினார். தும்மல் காற்றிடம் அனுமதி கேட்பதில்லை என்று விளக்கினேன்.

"எத்தனை படி, டீச்சர்?" என்றார் டாக்டர்.

குளம்புகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். சென்ற ஆடியில் வாய்க்கால் கரையோரம் பஞ்சவர்ணம் பாய்ந்தோடும்போது இடது பின்னங்கால் லாடம் கழன்றது. அவள் நின்றாள், லாடம் நிற்கவில்லை. ஓடிப் பழகிய வேகத்தில் தனியாகவே போய், இரண்டு மதகுகளைக் கடந்து, எங்களுக்குப் பதினோரு நிமிடம் முன்னதாக வீடு சேர்ந்துவிட்டது. ஆணிகள் ஆறும் அதன் பின்னாலேயே வரிசை கலையாமல் வந்தன.

இதற்கு மட்டும் செங்கோடன் குறுக்கே பேசவில்லை. ஆட்டின் காதைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். அவருடைய மருத்துவமனைச் சீட்டை ஆடு மென்றுகொண்டிருந்தது.

வயிற்றுக் கோளாறும் அவளுக்குப் புதிதன்று. சித்திரையில் ஒருமுறை வாயு சேர்ந்து, நான்கு குளம்புகளும் தரையைவிட்டு ஓரடி நான்கு அங்குலம் எழும்பின. பட்டம் விடுபவளைப்போலக் கயிற்றைப் பிடித்து மூன்று தெரு நடத்திவந்தேன். தேர்முட்டியருகே பதினான்கு பேர் சேர்ந்து தொங்கிய பிறகே இறங்கினாள். இறங்கும்போது எழுந்த ஓசையால் அவ்வாண்டுத் திருவிழாவில் அதிர்வேட்டு தனியாகப் போடவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். "டீச்சர், மாடு அசைபோடும். நாய் கக்கிடும். குதிரைக்கு வாந்தியே வராது. உள்ள போனது ஊறி உப்பினா வயிறு தாங்காது. எத்தனை படி?"

"ஏழு" என்றேன்.

அவர் மறுபடி பேனாவைத் திறந்து, முக்கால் படிக்கும் சற்றுக் குறைவு என்று எழுதினார். மெதுவாக நடத்திக் கூட்டிப்போகலாம், மாலைவரை தீனி வேண்டாம் என்றார். முக்கால் படி எந்தக் கணக்கு என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா பத்தால வகுத்துக்குவோம், டீச்சர். இங்க எல்லாருக்கும் அது பழக்கம்தான்."

அருகில் நின்ற கம்பவுண்டரும் தலையசைத்தார். அந்நேரம் பஞ்சவர்ணம் முன்னங்கால்களை மடித்துப் படுத்தாள். அவள் கழுத்து முழுவதும் வியர்த்திருந்தது.

நான் எழுந்து நின்றேன். கோலம் எங்கும் போகவில்லை என்றேன். எதிர்வீட்டம்மாள் போட்டது அது; என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. லாடம் வாய்க்காலில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை. பஞ்சவர்ணம் பிறந்தது முதல் தரையைவிட்டு எழும்பியதில்லை. ஓரடித் தடுப்புக்கட்டையைக்கூடத் தாண்டாமல் சுற்றித்தான் போவாள். ஆனால் தின்று முடித்ததும் வாளியை மூக்கால் உருட்டிவந்து என் காலடியில் வைத்துவிட்டு, என் தோளில் தாடையைச் சாய்த்துக்கொள்வாள். வேறெந்தப் பிராணியும் என்னிடம் அப்படி இருந்ததில்லை. நேற்று வாளி ஏழு முறை வந்தது. ஏழு முறையும் ஒவ்வொரு படி போட்டேன்.

"இதை மட்டும் வகுக்காதீங்க" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எழுதிய தாளைக் கிழித்தார். பஞ்சவர்ணத்தை எழுப்பி நிறுத்தினார்கள். மூக்கு வழியே குழாய் போயிற்று. ஊறிய கொள்ளு குழாய் வழியே வாளி வாளியாக வெளியே வந்தது. எண்ணெய் உள்ளே போயிற்று. பிறகு நானும் கம்பவுண்டரும் மாறி மாறி அவளை வேப்பமரத்தைச் சுற்றி நடத்தினோம். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை.

மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குப் பஞ்சவர்ணம் வாலைத் தூக்கி லத்தி போட்டாள். கம்பவுண்டர் கைகூப்பினார். ஒரு லத்திக்காக அவ்வளவு பேர் மகிழ்ந்து நான் கண்டதில்லை. இனி நாளொன்றுக்கு ஒரே படிதான், வாளி எத்தனை முறை வந்தாலும், என்றார் டாக்டர். ஒப்புக்கொண்டேன்.

புறப்படும்போது செங்கோடன் ஆட்டை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"டீச்சரம்மா, கோலம் போனாப் போவுதுங்க. பறந்ததும் போவுது. அந்த லாடம் மட்டும் நெசம்னு சொல்லிப்போடுங்க. அது ஓடுனத நாங் கண்ணால பாத்தேன்னு போன ஆடியிலிருந்து ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனுங்க."

பஞ்சவர்ணம் என் தோளில் தாடையைச் சாய்த்தாள். சற்று யோசித்தேன்.

"பின்னால எத்தனை ஆணி வந்துச்சு?"

"ஆறுங்க" என்றார், கண் இமைக்காமல்.

"அளவு சரியா இருக்கு," என்றேன். "அப்போ நீங்க பாத்திருக்கீங்க."