தோளும் நெஞ்சும்

செவ்வந்திமலைக்கு எழுநூற்று இருபது படிகள். டாக்டர் கோவர்த்தனன் முதல்முறை அந்த மலைக்குப் போனபோது ஒரு படியில்கூடக் கால் வைக்கவில்லை.

நாற்காலி கட்டிய டோலியில் நான்கு பேர் அவரைத் தூக்கிப் போனார்கள். மனைவி சுகந்தி பக்கத்தில் நடந்து வந்தாள். வேண்டுதல் அவளுடையது. ஐந்து மாதத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தபோது, பிழைத்தால் மலைக்குக் கூட்டி வருவதாக முருகனிடம் சொல்லியிருந்தாள்.

கோவர்த்தனனுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்து மூன்று வருடம் இதய மருத்துவராக இருந்தவர். அவருடைய மாணவன்தான் அவருக்கு அடைப்பை எடுத்தான். "இனிமேல் நடக்கலாம் சார், மெதுவாக மாடிகூட ஏறலாம்" என்று சொல்லி அனுப்பினான்.

அவர் ஏறவில்லை. மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கச் சொன்னார். நெஞ்சுக்குள் எது அசைந்தாலும் அதன் பெயர் அவருக்குத் தெரியும். அதற்கு அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும். அதனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே யோசித்தார். கிளினிக்கைப் பூட்டிவிட்டார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது நடை திறக்க நேரமிருந்தது. டோலிக்காரர்களில் மூன்று பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாலாவது ஆள் மட்டும் மரநிழலில் துண்டை விரித்து உட்கார்ந்தார். கறுத்து ஒல்லியான மனிதர், முப்பத்தாறு வயதிருக்கும். பெயர் நாச்சிமுத்து. வலது தோளில், கழி அழுந்தும் இடத்தில், எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்துத் தைத்ததுபோல் சதை திரண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் போனது. பொழுது போகாமல் கோவர்த்தனன் நாச்சிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். முகம் மாறியது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"ஏனுங்க சார், கோளாறுங்களா?"

"பேசாம இரு."

பையிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து நாச்சிமுத்துவின் நெஞ்சில் வைத்தார்.

ஒரு துடிப்பு கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்தது வருமா என்று அவர் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வந்தது. ஆழக் கிணற்றில் பெரிய கல் விழுவதுபோல், அவசரமே இல்லாமல் வந்தது. மறுபடி அதே நீண்ட அமைதி.

நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு.

கோவர்த்தனன் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார். மாத்திரை சாப்பிட்டும் எண்பத்தாறு. அவர் உட்கார்ந்து வந்தவர். அந்த மனிதர் அவரைத் தூக்கி வந்தவர்.

ஆயிரக்கணக்கான நெஞ்சுகளில் அவர் காது வைத்திருக்கிறார். எல்லாம் நோயாளிகளின் நெஞ்சுகள். இப்படி ஒன்றைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"எத்தனை வருஷமா தூக்கறே?"

"பதினாறு வருஷமுங்க."

"முதல் நாளே இப்படித் தூக்கினியா?"

நாச்சிமுத்து சிரித்தார். "மொத நாள் காலி டோலியைத் தூக்கிட்டு வந்து, அதா அந்த மூலைல வாந்தி எடுத்தனுங்க."

கோவர்த்தனன் கொஞ்ச நேரம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கத்துக் கொடுங்க" என்றார்.

சுகந்தி திரும்பிப் பார்த்தாள். அவர் "கொடுங்க" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

"இதுல சொல்லிக் குடுக்க என்னங்க இருக்குது?" என்றார் நாச்சிமுத்து. "காத்தால ஆறு மணிக்கு அடிவாரத்துக்கு வாங்க."

மறுநாள் முப்பது படி ஏறினார்கள். நாச்சிமுத்து அவரை உட்காரச் சொன்னார்.

"நெஞ்சு அடங்கட்டுங்க. அடங்குனதும் எறங்கலாம்."

"இறங்கறதா? எனக்கு இன்னும் முடியும்."

"அதானுங்க. முடியறப்பவே எறங்கீரணும்."

"ஏன்?"

"அப்பத்தான நாளைக்கு வருவீங்க."

கோவர்த்தனன் நோயாளிகளுக்குத் தினம் அரை மணி நேரம் நடக்கும்படி எழுதிக் கொடுத்தவர். எத்தனை பேர் நடந்தார்கள் என்று அவர் விசாரித்ததில்லை. எழுந்து இறங்கினார்.

இரண்டாம் நாளும் முப்பது. மூன்றாம் நாளும் முப்பது. நாலாம் நாள் முப்பத்தைந்து. நாச்சிமுத்து கூடவே வந்தார், அதிகம் பேசவில்லை. டோலிக்கு ஆள் வந்துவிட்டால் மட்டும் போய்விடுவார்.

பத்தாம் நாள் அப்படித்தான் போயிருந்தார். அன்றைக்கு நிறுத்த வேண்டிய ஐம்பதாவது படியில் கோவர்த்தனன் உட்காரவில்லை. மூச்சு சீராக இருந்தது, காற்று நன்றாக இருந்தது. ஏறிக்கொண்டே போனார். இருநூற்று முப்பதாவது படியில் கால் மடங்கியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. காதுக்குள் இதயம் இடித்தது.

ஆச்சு, இதுதான் என்று நினைத்தார். ஒவ்வொரு நோயின் பெயராக மனதுக்குள் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த சுகந்தியிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டோமே என்று நினைத்தார்.

மேலிருந்து காலி டோலியோடு வந்த நாச்சிமுத்து அவரைப் பார்த்துவிட்டு, டோலியை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்.

"எங்க வலிக்குதுங்க?"

கோவர்த்தனன் கண்ணை மூடித் தேடினார். நெஞ்சில் தேடினார். இடது கையில் தேடினார், தாடையில் தேடினார்.

"தொடை" என்றார்.

"நெஞ்சுங்க?"

"வலிக்கலை. அடிக்குது. பயங்கரமா அடிக்குது."

"அடிக்கட்டுங்க. அடிக்கறதுக்குத்தான வெச்சிருக்குது."

கோவர்த்தனன் அவரை முறைத்தார். பிறகு, எப்படியென்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. ஐந்து மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க, காதுக்குள் இடித்தது மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தன் இடத்துக்குப் போனது.

மறுநாள் அவரால் கட்டிலிலிருந்து காலை ஊன்ற முடியவில்லை. சுகந்தி கையைப் பிடித்துக் காரில் ஏற்றினாள். அடிவாரத்தில் நாச்சிமுத்து அவர் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டித் தடுத்தார்.

"இன்னைக்கு ஏறக்கூடாதுங்க. ஊட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிட்டுப் படுங்க. நாளைக்கும் அப்படித்தான்."

"சொல் பேச்சுக் கேக்கலைன்னு தண்டனையா?"

"இல்லீங்க. நேத்து கிழிச்சுட்டீங்க. அது ஒட்டோணுமல்ல?"

"எது?"

"தொடை. கிழியாம பலம் ஏறாதுங்க. ஆனா கிழிஞ்சுட்டு இருக்கறப்ப ஏறாது. படுத்துக் கெடக்கறப்பத்தான் ஒட்டும். ஒட்டறப்ப, மறுக்கா கிழியக்கூடாதுன்னு கொஞ்சம் தடிப்பாவே ஒட்டிக்கும். ஒட்ட உடாம மறுபடி மறுபடி கிழிச்சா, கெட்டுப்போகும்."

கோவர்த்தனன் அப்படியே நின்றார். தசைநாரில் நுண்ணிய சிதைவு, ஓய்வில் புதுப் புரதம் சேர்வது, முன்னைவிடத் தடித்து வளர்வது. கல்லூரியில் படம் போட்டு நடத்திய பாடம். அதற்கு இரண்டு வகுப்புகள் எடுத்துக்கொள்வார்.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

நாச்சிமுத்து துண்டை விலக்கித் தன் வலது தோளைத் தொட்டுக் காட்டினார்.

அதற்குப் பிறகு கோவர்த்தனன் எதையும் மீறவில்லை. ஏறு என்றால் ஏறினார். உட்கார் என்றால் உட்கார்ந்தார். ஐப்பசி மழையில் படி வழுக்கிய நாட்களில் மண்டபத்துக்குள்ளேயே நடந்தார். கார்த்திகையில் முந்நூறு படி தாண்டினார். கட்டில் மாடிக்குத் திரும்பிப் போனது.

மார்கழியில் ஒரு காலை, கிளம்புவதற்கு முன் வழக்கம்போல் நாடியைப் பிடித்தார். எண்ணி முடித்ததும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சுகந்தி காப்பியோடு வந்து பயந்துபோனாள். "என்ன ஆச்சு? ஏன் இப்படி உட்காந்திருக்கீங்க?"

"அறுபத்தி ரெண்டு."

"எது?"

அவர் அவள் கையை இழுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்தார்.

"அதே மாத்திரைதான், ஒண்ணுகூட மாத்தலை. கேளு. இது ஒரு தடவை அழுத்தினா முன்னைவிட நிறைய ரத்தம் போகுது சுகந்தி. அதான் அவசரப்படாம அடிக்குது. ஒரு நாளைக்கு முப்பதாயிரம் துடிப்பு மிச்சம். நான் செய்யச் சொல்லலை. எப்படிச் செய்யறதுன்னு அதுக்கு நான் சொல்லித் தரலை. படிதான் ஏறினேன்."

"நீங்கதான் பசங்களுக்கு இதைப் பாடம் எடுத்தீங்களே."

"எடுத்தேன். என் சட்டைக்குள்ள நடக்கும்னு நெனைக்கலை."

சுகந்தி கையை எடுக்கவில்லை. காப்பி ஆறிப்போனது.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்பு எழுநூற்று இருபது படியையும் ஏறிப் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அன்று காலை அடிவாரத்தில் நாச்சிமுத்து இல்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல், மாமனார் ஊருக்குப் போயிருக்கிறார் என்று மற்ற டோலிக்காரர்கள் சொன்னார்கள். நீங்கள் வந்தால் அவருக்காகக் காத்திருக்காமல் ஏறச் சொல்லிவிட்டுப் போனார் என்றார்கள்.

கோவர்த்தனன் ஏறினார். மூன்று இடத்தில் உட்கார்ந்தார். உச்சியில் கடைசிப் படியில் காலை வைத்தபோது அவருக்கு யாரையாவது கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. தெரிந்தவர் யாரும் இல்லை. கைப்பிடிச் சுவரைத் தட்டிக் கொடுத்தார்.

தைப்பூசம் முடிந்தது. மாசியும் பாதி போனது. கேட்டபோதெல்லாம் டோலிக்காரர்கள் "தேவலாமுங்க, வந்திருவான்" என்றார்கள்.

ஒரு காலை அடிவாரத்தில் யாரோ ஒருவர் ஐந்தாவது படியின் ஓரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோவர்த்தனன் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

நாச்சிமுத்து. கன்னம் ஒட்டியிருந்தது. சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. டைபாய்டாம். நடுவில் குடலில் புண்ணாகி, உயிர் பிழைப்பதே சந்தேகம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்களாம்.

"எனக்கு ஏன் சொல்லி அனுப்பலை?"

"சொன்னா நீங்க மலை ஏறறதை உட்டுட்டு வந்திருவீங்கன்னு நான்தானுங்க வேண்டாம்னேன்."

கோவர்த்தனன் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பின் மேலேயே தோல் இருந்தது. எண்ணினார். தொண்ணூற்று நான்கு. ஐந்து படி ஏறி உட்கார்ந்ததற்குத் தொண்ணூற்று நான்கு.

பிறகு, கேட்காமலே, நாச்சிமுத்துவின் துண்டை விலக்கினார். தோளில் அந்தத் திரட்சி இல்லை. கழி அழுந்திய இடத்தில் காய்ப்பேறிய கறுத்த தோல் மட்டும், காலிப் பைபோல் சுருங்கித் தொங்கியது.

கோவர்த்தனன் பல மரணங்களை உறவினர்களிடம் நிதானமாகச் சொன்னவர். அன்றைக்கு அவர் குரல் நடுங்கியது.

"பதினாறு வருஷம் ஏறி ஏறிச் சேர்த்தது. ஒண்ணரை மாசத்துல எல்லாம் போயிருச்சே. எங்கே போச்சு நாச்சிமுத்து? இவ்வளவு சீக்கிரம் போறதுக்கா இந்தப் பாடு?"

நாச்சிமுத்து துண்டை மெல்ல இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மூச்சு வாங்கியது. அது அடங்கும்வரை பேசவில்லை.

"எங்கயும் போகலீங்க சார். நாப்பது நாள் ஒரு வாய் சோறு எறங்கலை. வெளிய இருந்து ஒண்ணும் வரலைன்னதும் உடம்பு பாத்துச்சுங்க. தோளுல இருந்து கொஞ்சம் எடுத்துச்சு, தொடையில கொஞ்சம் எடுத்துச்சு. எடுத்து எடுத்து நெஞ்சுக்கு ஊட்டுச்சு. ஒரு நாளுகூட அதை நிக்க உடலை."

கோவர்த்தனனுக்கு அதுவும் தெரிந்த பாடம்தான். அவர் அந்தப் படியிலேயே, நாச்சிமுத்துவின் காலடியில் உட்கார்ந்தார்.