தேரை நிறுத்துற சன்னாசி கண்மாய்க்குப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு தேராம். அந்தத் தேரை இழுக்க ஆயிரம் பேராம், நிறுத்த ஒரே ஒருத்தனாம். யாரு அந்த ஒருத்தன்? சன்னாசி! ம் கொட்டு தங்கம், அப்பத்தான் தேரு நகரும்.

ம்.

ஆங், அப்படி. சன்னாசின்னதும் காவி கட்டின சாமியாருன்னு நெனச்சுக்காத. பேருதான் சன்னாசி. பொண்டாட்டி உண்டு, பவளக்கொடின்னு பேரு. அவனுக்கு என்ன வேலைன்னா, பங்குனித் தேரோட்டத்துல முட்டுக்கட்டை போடுறது. தேரு கடமுட கடமுடன்னு உருண்டு வரும். தெரு முக்கு வந்ததும், வலது பக்கச் சக்கரத்துக்கு அடியில கட்டையை டமார்னு போடணும். அப்போ இந்தச் சக்கரம் நிக்கும், அந்தச் சக்கரம் சுத்தும், தேரு அழகா திரும்பிரும். ஒரு நொடி முந்திப் போட்டா தேரு நட்டுக்கிட்டு நிக்கும். ஒரு நொடி பிந்திப் போட்டா நேரா போயி சுவத்துல முட்டும்.

எப்பப் போடணும்னு சன்னாசிக்கு எப்படித் தெரியும்? கண்ணால பாத்தா? ஊஹூம். காதால கேட்டு! திரும்புற எடத்துக்கு வந்ததும் தேரோட அச்சு 'ங்கீ'ன்னு ஒரு சின்னச் சத்தம் போடும். கொட்டு டமடம டமடமங்கும், நாயனம் பீப்பீங்கும், சனம் ஓன்னு கத்தும். அம்புட்டு எரைச்சலுக்குள்ளயும் அந்த 'ங்கீ' அவன் காதுக்கு மட்டும் கேக்கும். அவன் அப்பனுக்குக் கேட்டுச்சு, பாட்டனுக்குக் கேட்டுச்சு. கேட்ட காதுக்குத்தான் கட்டை. அது அந்த வீட்டுக்குப் பெரிய கௌரவம்.

ம்.

அப்புறம், போன வருசம் என்னாச்சு தெரியுமா? தை மாசம் பூரா சன்னாசிக்குக் கதிரறுக்குற மிசின்ல வேலை. அது ர்ர்ர்ர்ருன்னு காதுக்குள்ளயே ஓடும். அறுப்பு முடிஞ்சு மாசி மாசம் வந்ததும், அந்த ஊர்க்காரங்க எல்லாம் எங்கயாச்சும் கெளம்பிருவாக. ஏன்னா பங்குனியில காப்புக் கட்டிட்டா எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அதுக்குள்ள சுத்திட்டு வந்துரணும்னு ஒரே ஓட்டம். சன்னாசியும் மச்சான் தங்கமாயனோட வேன்ல போனான். பன்னெண்டு நாளு, முப்பது ஊரு! "அதோ பாரு கோயிலு"ம்பாக. இவன் திரும்பிப் பாக்குறதுக்குள்ள கோயிலு பின்னால போயிரும். வேனும் ர்ர்ர்ர்ருங்கும். காலு வீங்கி, கழுத்து சுளுக்கி, காப்புக் கட்டுற அன்னைக்குக் காலையில வந்து எறங்கினான்.

தேரோட்டத்துல மொத முக்கு எப்படியோ திரும்பிருச்சு. ரெண்டாவது முக்கும் திரும்பிருச்சு. மூணாவது முக்கு எறக்கம். அச்சு 'ங்கீ'ன்னுச்சு. சன்னாசி காதுல ர்ர்ர்ர்ருதான் கேட்டுச்சு. டமால்! தேரு போயி சோலையப்பன் வளையல் கடைச் சுவத்துல முட்டிருச்சு. கலகலகலன்னு அம்புட்டு வளையலும் தெருவுல. யாருக்கும் ஒண்ணும் ஆகல, நீ பயப்படாத. ஆனா சாமி ரெண்டு நாளு நடுத்தெருவுல நின்னுச்சு. சன்னாசி ஒரு மூலையில உக்காந்து தலையைத் தூக்கல. அப்போ ஊர்த் தலைவரு பெரிய அம்பலம் வந்து சொன்னாரு:

"சன்னாசி, மனுசன்னா தப்பு வரும்ப்பா. அடுத்த வருசமும் தப்பினா கட்டை வேற வீட்டுக்குப் போயிரும். பாத்துக்க."

பாவம்ல?

ம்.

இந்த வருசமும் தையில அதே மிசின் வேலை, அப்புறம் மாசி பொறந்துச்சு. சன்னாசி தீர்மானம் பண்ணிட்டான், தூரந்தொலைக்குப் போறதில்லன்னு. சும்மா விடுவாகளா? மொதல்ல மச்சான் தங்கமாயன் வந்தான்.

"மச்சான், இந்தத் தடவை காசி! பதினெட்டு நாளு! ஏறுங்க வண்டியில."

"நான் வரல மச்சான். நான் கண்மாய்க்குப் போறேன்."

"எந்தக் கண்மாய்?"

"நம்ம கண்மாய்தான்."

"மாடு குளிப்பாட்டுற கண்மாயா?" தங்கமாயன் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே வண்டியில ஏறிட்டான்.

அப்புறம் வளையல் கடை சோலையப்பன் வந்தாரு. "ஏம்ப்பா, வால்பாறையில எங்க அக்கா வீடு இருக்கு. குளுகுளுன்னு இருக்கும். நாப்பது கொண்டை ஊசி வளைவு ஏறினா வந்துரும். போயி இருந்துட்டு வா."

"அண்ணே, மூணு முக்கு திரும்புறதுக்கே எனக்கு முழி பிதுங்குது. நாப்பது முக்கா?"

சோலையப்பன் யோசிச்சுப் பாத்தாரு. நியாயமாத்தான் பட்டுச்சு. போயிட்டாரு.

மூணாவதா வந்தது யாரு? பவளக்கொடி! அதுதான் பெரிய சோதனை. மத்தவுகளை வாசலோட அனுப்பிரலாம், வீட்டுக்காரியை எங்க அனுப்புறது?

"ஊரே மலைக்கும் கடலுக்கும் போகுது. நான் மட்டும் கண்மாய்க்குப் போனேன்னு சொன்னா எளக்காரமா பாக்க மாட்டாளுகளா?"

"ஒரே ஒரு நாளு வா. புடிக்கலைன்னா நாளைக்கே நீ சொல்ற ஊருக்கு டிக்கெட்டு."

"சமையலு?"

"நான்."

இதைக் கேட்டதும் பவளக்கொடி செருப்பை மாட்டிட்டா. பின்ன, சோறு ஆக்க வேண்டாம்னா எந்த ஊருக்குத்தான் வர மாட்டா?

கண்மாய் எம்புட்டுத் தூரம்? வெத்தலை போட்டு மெல்லுறதுக்குள்ள நடந்துரலாம். கரையில பெரிய மருதமரம். சன்னாசி பாயை விரிச்சான், மூணு கல்லை வச்சு அடுப்பு மூட்டினான், கெண்டை மீன் கொழம்பு வச்சான். கொஞ்சம் உப்புக் கூடிப்போச்சு, அதை விடு. பவளக்கொடி ரெண்டு வாய் தின்னா, காலை நீட்டினா, "இந்தா, சும்மா படுக்குறேன், தூங்கல"ன்னா. சொல்லி முடிக்கல, கண்ணு சொருகிருச்சு. எழுந்திரிக்கும்போது பொழுது சாஞ்சிருச்சு!

எழுந்திரிச்சு உக்காந்து சொன்னா, "நாளைக்கும் வருவோம்."

பத்து நாளு வந்தாக. காலையில தண்ணியில தொபுக்கடீர்னு குதிக்கிறது, மத்தியானம் மரத்தடியில படுக்குறது, பொழுது சாய வீட்டுக்கு நடக்குறது. அவுக வீடு, அவுக பாயி, அவுக தலைகாணி. வேற யாருக்குக் கெடைக்கும் இந்தச் சொகம்?

ம்.

ஆனா சன்னாசி காதுல மொத நாளு மிசின் சத்தந்தான், ர்ர்ர்ர்ருன்னு. "கண்மாய்க்கு வந்தும் போகலையே, கட்டை நம்மளை விட்டுப் போயிருமோ"ன்னு அவனுக்கு ஒரு பயம். நாலாம் நாளு, பொளக்! என்னன்னு பாத்தா, மீன் துள்ளுது. அட, கேக்குதே! ஏழாம் நாளு, மேல விஷ்க் விஷ்க்னு கொக்கு ரெக்கை அடிக்கிறது கேட்டுச்சு. பத்தாம் நாளு மத்தியானம், காத்து இல்ல, எலை அசையல, புஸ்ஸு... புஸ்ஸுன்னு ரொம்பச் சின்னதா ஒரு சத்தம். எங்கேயிருந்து வருதுன்னு தேடினான். பக்கத்துலதான். பவளக்கொடி மூச்சு விடுற சத்தம்.

கல்யாணமாகிப் பதினாலு வருசம். அவனுக்கு முன்னாடி எழுந்திரிப்பா, அவனுக்குப் பின்னாடி படுப்பா. அவ தூங்குற சத்தத்தை அவன் அன்னைக்குத்தான் கேட்டான். சன்னாசிக்குக் கண்ணு கலங்கிருச்சு. அவ மேல ஈ உக்காராம துண்டால விசிறிக்கிட்டே இருந்தான்.

அப்புறம் பங்குனி வந்துச்சு, காப்புக் கட்டுனாக, தேரும் கெளம்பிருச்சு! டமடம டமடம! காசிக்குப் போன தங்கமாயன் வடத்தைப் புடிச்சுக்கிட்டே தூங்குறான். பின்னால இருந்தவுக தள்ளுனதுல நடக்குறான்.

மொத முக்கு. ங்கீ... டமார்! திரும்பிருச்சு.

ரெண்டாவது முக்கு. ங்கீ... டமார்! திரும்பிருச்சு.

மூணாவது முக்கு. எறக்கம். தேரு வேகம் புடிக்குது, கடகடகடகட! சோலையப்பன் கடையில இருந்த வளையல் பெட்டியெல்லாம் அள்ளிக்கிட்டு உள்ள ஓடுறாரு. "போடுறா, போடுறா"ன்னு கூட்டம் கத்துது. சன்னாசி போடல. "ஐயையோ, போடுறா!" அப்பவும் போடல. பெரிய அம்பலம் நெஞ்சுல கைய வச்சுட்டாரு. அவன் யாரு கத்துனதுக்கும் அசையல, அச்சு சொல்லட்டும்னு காதைக் குடுத்து நின்னான். தேரு வருது, வருது, வருது...

ங்கீ.

டமார்!

அப்படியே நின்னு, அரை வட்டம் அடிச்சு, ராசா கணக்கா திரும்புச்சு பாரு தேரு! சுவத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சாண் எடம். "ஓஓஓ"ன்னு சனம் போட்ட சத்தம் பக்கத்து ஊருக்குக் கேட்டுச்சாம். சன்னாசி கட்டையைத் தூக்கித் தோளுல வச்சு நிமுந்து நின்னான். அந்த நிமுந்த நிப்பைப் பாக்கணுமே நீயி! அவன் அப்பனும் பாட்டனும் பாத்திருந்தா மீசையை முறுக்கியிருப்பாக.

பெரிய அம்பலம் ஓடியாந்து அவன் கழுத்துல மாலை போட்டாரு. "அடேய், போன வருசம் செத்த பொணம் மாதிரி வந்தே. இந்த வருசம் மொகத்துல என்னா ஒரு தெளிச்சி! அப்படி எந்த ஊருக்குடா போயிருந்தே?"

சன்னாசி வாயைத் தொறக்குறதுக்குள்ள, கூட்டத்தை வெலக்கிக்கிட்டு பவளக்கொடி முன்னால வந்தா. முந்தானையை இழுத்துச் சொருகினா. ஊரே கேக்குற மாதிரிச் சொன்னா:

"நம்ம ஊருக்குத்தான் போயிருந்தோம் ஐயா. நீங்கள்லாம் இன்னும் பாக்கலையா?"

...தங்கம்? ம் கொட்டலையே?

சரி சரி. தேரும் நிலைக்கு வந்துருச்சு, வடத்தையும் சுருட்டி வச்சாச்சு. நீயும் சுருண்டு படுத்துத் தூங்கு.