கீரி சொன்ன நான்கு நாள்

மலைக் கணவாயில் காட்டுப்பன்றிகள் காவல் இருந்தன. மலைக்கு அப்பால் கழுதைப்புலிகள் உள்ளே நுழையக் காத்திருந்தன. கணவாய் வெறும் பாறை. அங்கே தின்ன ஒன்றும் முளைக்காது. அடிக்காட்டில் முள்ளம்பன்றிகள் கிழங்கு தோண்டும். எருமைகள் அதைச் சுமந்து மலை ஏறும். சண்டை வருஷக்கணக்காக நீண்டுவிட்டது. எல்லா மிருகங்களும் களைத்துப்போயிருந்தன.

எருமைகள் மேலே போய்ச்சேர எத்தனை நாள் ஆகிறது என்று பார்ப்பது நீள்வாலன் என்ற கீரியின் வேலை. அது தன் வளை வாசலில் வரிசையாகக் குழிகள் பறித்திருந்தது. ஒரு பயணம் மூன்று நாளில் முடிந்தால் மூன்றாம் குழியில் ஒரு கூழாங்கல் போடும். நான்கு நாளில் முடிந்தால் நான்காம் குழியில். அந்த நான்காம் குழி நிரம்பி வழிந்தது. ஆனால் வரிசையின் கடைசியில், பதினோராம் குழியிலும் சில கற்கள் கிடந்தன. வழியில் இருக்கும் காட்டாறு பெருகியபோது போட்ட கற்கள் அவை.

ஒரு நாள் சிங்கராஜாவின் மந்திரியான நரி வந்தது.

"கணவாய்க்கு உணவு போய்ச்சேர எத்தனை நாள் என்று ராஜா கேட்கிறார். ஒரே எண்ணாகச் சொல்" என்றது.

கீரி குழிகளைக் காட்டி விளக்கியது. பெரும்பாலும் நான்கு நாள்தான், ஆறு பெருகினால் பதினொன்று வரை போகும், அதனால் மேலே பதினொரு நாள் கிழங்கு எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்றது.

நரி அலுத்துக்கொண்டது. முள்ளம்பன்றிகள் இப்போதே நகம் தேய்ந்து முணுமுணுக்கின்றன, அவ்வளவு கிழங்குக்கு எங்கே போவது என்றது. பிறகு கடைசிக் குழியின் கற்களைக் காலால் வெளியே தள்ளியது.

"இதெல்லாம் எப்போதோ நடப்பது. இதைக் கணக்கில் சேர்க்காதே."

கீரிக்கு வாதாடத் தெம்பில்லை. "சரி, நான்கு நாள்" என்றது.

அப்படியே கணவாய்க்குச் செய்தி போனது. நான்கு நாள் கிழங்கு மீதி இருக்கும்போது காக்கையிடம் சொல்லி அனுப்பினால் போதும், அது தீர்வதற்குள் எருமைகள் வந்துவிடும் என்று பன்றிகளின் தலைவன் வளைதந்தனுக்கு உத்தரவு. சில மாதங்கள் எல்லாம் சரியாகவே நடந்தது.

பிறகு மழை பிடித்தது. காக்கை வந்து சொன்னதும் எருமைகள் கிளம்பின. மனம் கேட்காமல் கீரியும் கூடப் போனது. ஆற்றில் வெள்ளம் சுழித்து ஓடியது. எருமைகள் கரையிலேயே நின்றன. முதுகில் இருந்த கிழங்கு நனைந்து அழுகத் தொடங்கியது. வெள்ளம் வடிந்து அவை கணவாயை அடைந்தபோது பத்து நாள் ஆகியிருந்தது.

அங்கே பாதிப் பன்றிகள் இல்லை. பசி தாங்காமல் இரை தேடிச் சரிவில் இறங்கியவற்றைக் கழுதைப்புலிகள் அடித்துவிட்டன. மீதி இருந்தவை விலா எலும்பு தெரிய, வழியை மறித்துப் படுத்திருந்தன. எழுந்து நிற்க அவற்றால் முடியவில்லை.

"நான்கு நாள் என்று சொன்னது யார்?" என்று வளைதந்தன் கேட்டது.

"நான்தான். கிழங்கு கூடுதலாகக் கிடைக்காது என்றார்கள். அதனால் சொன்னேன்."

"கூடுதல் கிழங்கை நான் கேட்கவில்லை" என்றது வளைதந்தன். அதன் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "பதினொரு நாளும் ஆகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முதல் நாளிலிருந்தே அரை வயிறும் கால் வயிறுமாகத் தின்று எல்லாரும் உயிரோடு இருந்திருப்போம். நாலாம் நாள் எருமை வந்துவிடும் என்று நம்பி, இருந்ததை எல்லாம் தின்று தீர்த்தோம்."

கீரி எருமைகளின் முதுகிலிருந்து கிழங்குகளை இறக்கி, அழுகாதவற்றைப் பொறுக்கி, எழ முடியாத பன்றிகளின் வாய்க்கு அருகே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் வைத்தது.

வழக்கமாக ஆகும் நாளை மட்டும் சொல்லி, அபூர்வமாக ஆகும் தாமதத்தை மறைத்தால், காத்திருப்பவரின் உயிர்தான் போகும்.