எது வாங்கட்டும், டீச்சர்?

துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ஒரு மாடியறையில், பொன்மதி டீச்சர் வானொலி வகுப்பு நடத்திவந்தார். அவரிடம் படித்தவர்களில் இன்னாசிதான் மூத்தவர். டீச்சருக்கே அவர் அண்ணாச்சி.

ஒரு நாள் பிற்பகல், மூன்றரை மணி வாக்கில், இன்னாசி படியேறி வந்தார்.

"நான் எந்த ரேடியோப் பெட்டி வாங்கட்டும், டீச்சர்?"

"எதைக் கேக்கணும் அண்ணாச்சி?"

"என் மகன் ரூபன் காய்ச்சலோட கடலுக்குப் போயிருக்கான். சொன்னா கேக்கல. போட்டுக்காரங்க நாலு மணிக்கு வயர்லெஸ்ல கரைக்குப் பேசுவாங்கல்ல, அதுல அவன் குரலைக் கேக்கணும்."

டீச்சர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். இரண்டுமே கணினியில் செருகிக் கேட்பவை. அலைவரிசையைத் திரையில் தேடிப் பிடிக்க வேண்டும். சின்னது கட்டைவிரல் அளவுதான். சில அலைவரிசைகளை மட்டும் எடுக்கும். பெரியது அநேகமாக எல்லாவற்றையும் எடுக்கும்.

"போட்டுப் பேச்சு ரெண்டுலயும் வருமா?"

"வரும்."

"அப்ப பெரிசுதான். சின்னதை வாங்கிட்டு அப்புறம் ஏங்கவா?"

"கேட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

டீச்சர் பெரிய பெட்டியை ஒரு கணினியில் செருகி, காதுக்கருவியை அவரிடம் கொடுத்தார். சின்னதை இன்னொரு கணினியில் செருகி, படகுகளின் அலைவரிசையில் நிறுத்தி, அதன் காதுக்கருவியைத் தான் மாட்டிக்கொண்டார்.

இன்னாசி திரையில் அலைவரிசையை நகர்த்தினார். ஏதோ ஒரு நாட்டின் பாட்டு வந்தது. அப்புறம் யாரோ தானியங்கள் பற்றிப் பேசினார்கள். இன்னும் நகர்த்தினார். ஒரு விமானி இறங்குவதற்கு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார். ஆகாயத்தில் போகிறவன் பேச்சு இந்த மாடியறைக்கு வருகிறதே என்று இன்னாசிக்குச் சிரிப்பு வந்தது. அனுமதி கிடைக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

டீச்சர் அவர் தோளைத் தொட்டார். இன்னாசி திரும்பாமலே, பொறுங்கள் என்று கையைக் காட்டினார்.

விமானம் இறங்கியது. அதன்பிறகே அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு தாண்டிவிட்டது. காதுக்கருவியைக் கழற்றினார்.

"டீச்சர், ரூபன்..."

"பேசினான். காய்ச்சல் விட்டுட்டாம். கஞ்சி குடிச்சானாம். அப்பாகிட்ட சொல்லிருங்கன்னான்."

இன்னாசி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய பெட்டியைப் பார்த்தார்.

"இதுல ஏன் கேக்கல? இதுக்கு அவ்வளவு தூரம் எட்டாதோ?"

"நல்லா எட்டும் அண்ணாச்சி," என்றார் டீச்சர். "அவன் பேசும்போது நீங்க விமானத்துல இருந்தீங்க."