இருட்டில் எடுத்த அளவு

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் பாலகனாக இருக்க வேண்டும் என்று எவர் சட்டம் போட்டார்களோ, தெரியாது. இந்தக் கதையில் சீடருக்கு ஐம்பத்தொரு வயது. பெயர் எபனேசர், ஒரு கலைக் கல்லூரியில் இயற்பியல் வாத்தியார். குருவுக்கு முப்பத்தொன்பது. பெயர் தில்லைநாயகி, எபனேசருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி. அவர் இவரை ‘சார்’ என்பார், இவர் அவரை ‘மேடம்’ என்பார். ஏழு வருஷமாக இந்த மரியாதைக்கு ஒரு குறையும் வந்ததில்லை.

ஆராய்ச்சி என்ன என்றால், மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். சிரிக்காதீர்கள், அப்படி ஒன்று இருக்கிறது. கார்பன் வளையங்களை மணி கோப்பதுபோல நீளமாகக் கோத்துவிட்டால், எலக்ட்ரான் ஒரு வளையத்தோடு நிற்காமல் சங்கிலி நெடுக உலாவும். வெளிச்சம் பட்டால் இன்னும் குஷி, மின்னோட்டம் சர்ரென்று ஏறிவிடும். அதனால் இருட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்க, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கறுப்புத் துணி போர்த்திவிட்டு அளப்பார்கள்.

அந்தத் துணியில்தான் வினை.

போன வாரம் ஆய்வகத்தில் கரண்ட் போயிற்று. அளக்கும் கருவி மட்டும் யு.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. டியூப் லைட் அணைந்த அதே நொடியில் திரையில் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. ஏதோ ஒயர் கழன்றுவிட்டது என்றுதான் எபனேசர் நினைத்தார். கரண்ட் வந்தது, லைட் எரிந்தது, மின்னோட்டமும் பழையபடி ஏறிக்கொண்டது. எழுந்துபோய்த் துணியை விரித்துப் பார்த்தார். மடிப்புக்குள் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிசல். மறுபடி போர்த்தி, கிழிசலை உள்ளங்கையால் மூடினார், மின்னோட்டம் இறங்கியது. கையை எடுத்தார், ஏறியது. 

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே துணியைப் போர்த்தி எடுத்த ஓர் எண், ஆய்விதழில் அச்சாகிவிட்டது. கையை எடுத்தபோது திரையில் நின்றதும் அதே எண்தான். ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுக்க அந்த எண்மேல் நிற்கிறது. திங்கட்கிழமை ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். தப்பென்று சொன்னால் இன்னொரு வருஷம் உட்கார்ந்து அளக்க வேண்டும், இந்தத் தடவைப் பதவி உயர்வும் கையைவிட்டுப் போகும். வீட்டில் மனைவி சூசன் கேக்குக்கே சொல்லிவைத்துவிட்டாள்.

பக்கத்து மேஜை முகிலன் மட்டும் விஷயம் தெரிந்தவன். “விடுங்க சார். எவன் போய்த் திரும்ப அளக்கப்போறான்? அவனவன் நூறு தப்போட ஜம்முனு திரியிறான்” என்றான்.

எபனேசருக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை மதியம் மேடத்தின் அறைக்குப் போய் நின்றார்.

“ஒண்ணு கேக்கணும் மேடம்.”

“உக்காந்து கேளுங்க சார்.”

அவர் உட்காரவில்லை. “ஒருத்தன் ஒரே ஒரு தப்புக்குத் தூக்கமில்லாம தவிக்கிறான். இன்னொருத்தன் நூறை வச்சுக்கிட்டுக் குறட்டை விடுறான். தவிக்கிறவன்தானே மேடம் பலவீனமானவன்?”

மேடம் பேனாவை மூடினார். யார், என்ன தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வாங்க” என்று எழுந்து ஆய்வகத்துக்கு நடந்தார்.

அங்கே புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் இரண்டு சின்ன பாட்டில்களை வைத்தார்.

“ரெண்டுலயும் அதே வளையந்தான், அதே அளவுதான். இதுல துண்டு துண்டா மிதக்குது. இதுல ஆயிரக்கணக்குல சங்கிலியா கோத்திருக்கு.”

விளக்கைப் போட்டார். துண்டுகள் நீலமாக ஒளிர்ந்தன. சங்கிலி எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று ஒளிர்ந்தது.

“இது வெடிமருந்து வகையறா. நல்லா நீர்த்தது.” ஆளுக்கொரு துளி விட்டார்.

நீலம் அசரவில்லை. மஞ்சள் பொசுக்கென்று அணைந்துபோயிற்று.

எபனேசருக்குத் தெரியாத சங்கதி இல்லை. நாலு வகுப்பில் பாடமாகவே நடத்தியிருக்கிறார். ஆனாலும் கண்ணெதிரே அணைந்தபோது நெஞ்சில் எதுவோ இடித்தது.

“ஏன் சார்?” என்றார் மேடம், மாணவனைக் கேட்பதுபோல.

“நீலத்துல துளி தொட்ட துண்டு மட்டும் அணையும். மத்ததுக்குச் சேதியே போகாது. மஞ்சள்ல, வாங்கின ஒளி சங்கிலி பூரா உலாவுது. எங்கயோ ஒரு மூலையில அது ஒட்டினாப் போதும், போய் அதுல விழுந்துரும்.” பெருமூச்சு விட்டார். “நான் சொன்னது சரிதானே மேடம். ஒரு துளிக்குத் தாங்கல.”

“சரி, இதைச் சொல்லுங்க. ரயில் நிலையத்துல கேட்பாரில்லாம ஒரு பெட்டி கிடக்கு. உள்ள வெடி இருக்கான்னு பாக்கணும். ஒரு பாட்டில்தான் கொண்டுபோகலாம். எதை எடுப்பீங்க?”

எபனேசர் நீல பாட்டிலைப் பார்த்தார். விட்ட துளி உள்ளேயே இருக்க, அது பாட்டுக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தது.

“இதை வெடிமேலயே வச்சாலும் இளிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்” என்றார். கை அணைந்த பாட்டிலை எடுத்தது. எடுத்ததைக் கீழே வைக்காமலே சொன்னார்: “அந்தத் தப்பு நம்ம பேப்பர்ல இருக்கு மேடம். இருட்டில் எடுத்ததுன்னு போட்டோமே, அது இருட்டே இல்ல. துணி கிழிஞ்சிருக்கு.”

மேடத்தின் முகம் செத்துவிட்டது. அந்தப் பேப்பரைக் காட்டித்தான் அவருக்குப் புதிய ஆய்வுத் திட்டமே கிடைத்திருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். ஏழு வருஷத்தில் எபனேசர் அவரை இப்படிப் பார்த்ததில்லை. ஐயோ, வாயைத் திறந்திருக்க வேண்டாமே என்று பரிதவித்தார்.

“திங்கட்கிழமை நான் சமர்ப்பிக்கல மேடம். இதழுக்கும் எழுதிடறேன். தப்பு என்னோடதுதான்னு, என் பேர்ல மட்டும்.”

மேடம் அணைந்த பாட்டிலை அவர் கையிலிருந்து வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, “அந்த அளவு எடுக்கிறதுக்கு முந்தி, துணி நைஞ்சுபோச்சு, புதுசு வேணும்னு கேட்டீங்களே சார்?” என்றார்.

“கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

‘இருக்கிறதை வச்சு ஓட்டுங்க சார்’ என்று அன்று சொல்லியிருந்தார். எபனேசருக்கு நன்றாக நினைவிருந்தது. 

மேடம் எழுந்து விளக்கை அணைத்தார்.

“பேப்பர்ல என் பேரு கடைசியில இருந்தது. கடிதத்துல முதல்ல போடுங்க சார்.”