தெமியானின் பை

இந்தக் குருவுக்குத் தாடி கிடையாது, காவி கிடையாது. கழுத்தில் ஒரு விசில், காலில் ஸ்கேட், வாயில் எந்நேரமும் ஒரு திட்டு. பெயர் சவேலி மார்க்கோவிச். ருஷ்ய இளையோர் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அங்கே ஐஸ் ஹாக்கி அப்படி. அந்த அணியில் ஒரு இடம் கிடைக்குமென்றால் பையன்கள் உயிரைக் கொடுப்பார்கள்.

சீடர் பெயர் ரோடியோன். சீடர் என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர், காதோரம் நரைத்துவிட்டது. கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தருவது அவர் வேலை.

மாஸ்கோவுக்கு வெளியே, பனி மூடிய காட்டை ஒட்டி அவர்களுடைய முகாம். அன்று கடைசி நாள். மறுநாள் அணி போட்டிக்குக் கிளம்ப வேண்டும். எல்லா இடமும் நிரம்பிவிட்டது, ஒரே ஒரு கோல்கீப்பர் இடம்தான் பாக்கி. அதற்கு இரண்டு பையன்கள்.

லூக்கா பெரிய கிளப்பில் வளர்ந்தவன், நல்ல உயரம். தெமியான் யூரல் மலைப் பக்கம் ஏதோ ஒரு சின்ன ஊர்க்காரன். அம்மா டிராம் ஓட்டுகிறவர். அவன் பொடியனாக இருந்தபோது முதன்முதலில் அவன் காலில் ஸ்கேட் கட்டிவிட்டதே ரோடியோன்தான். இது முகாமில் எல்லோருக்கும் தெரியும். சாப்பிடும்போது மற்ற பயிற்சியாளர்கள், "என்ன, உங்க பிள்ளையாண்டான் இன்னைக்கு எப்படி?" என்று சீண்டுவார்கள். ரோடியோனும் கூடச் சிரிப்பார். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

இரண்டு பையன்களுக்குமே இளையோர் அணியில் ஆட இதுதான் கடைசி வயது. இந்த வருடம் விட்டால் விட்டதுதான்.

காலைப் பயிற்சி முடிந்ததும் ரோடியோன் குருவின் அறைக்குப் போனார்.

"சவேலி மார்க்கோவிச், ஒண்ணு கேக்கணும்." பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை.

"கேளு."

"எந்தப் பக்கமும் சாயாம ஒருத்தனைத் தேர்ந்தெடுக்கறது எப்படி?"

குரு ஸ்கேட் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கோல்கீப்பர் உன் பொறுப்பு. நான் அதுல கை வைக்க மாட்டேன். யாரு?"

"லூக்கா."

யோசிக்கக்கூட இல்லை, பட்டென்று வந்துவிட்டது. குரு இப்போது நிமிர்ந்து பார்த்தார்.

"காரணம்?"

"பெரிய மேட்ச் ஆடிப் பழக்கம் இருக்கு."

"சரி. அப்ப தெமியானை அனுப்பணும். நம்ம வழக்கம் தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? சவேலி மார்க்கோவிச்சின் முகாமில் தேர்வானவர்கள் பெயரைக் கதவில் ஒட்டுவது கிடையாது. எந்தப் பயிற்சியாளர் ஒரு பையனை வேண்டாம் என்கிறாரோ, அவரே அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போக வேண்டும். என்ன குறை என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வர வேண்டும். போகிறவனை அனுப்பிய பிறகுதான் இருக்கிறவனிடம் விஷயத்தைச் சொல்வார்கள். "நாங்க என்ன போர்ட்டரா?" என்று மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கோல்கீப்பர் பை லேசுப்பட்ட பை இல்லை. கால் கவசம், மார்புக் கவசம், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து, உள்ளே ஓர் ஆளையே மடக்கி வைத்த மாதிரி கனக்கும். ரோடியோன் அதைத் தோளில் ஏற்றியதுமே தெமியானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொப்பியை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தான்.

"குடுங்க கோச், நான் தூக்கறேன்."

"வேண்டாம்டா."

காலடியில் பனி நொறுங்கியது.

"அம்மாகிட்ட நான் இன்னும் எதுவும் சொல்லலை," என்றான் தெமியான். "அதுவும் நல்லதாப் போச்சு."

நிறுத்தத்தில் பெஞ்சே தெரியாத அளவுக்குப் பனி. அந்த ஊரில் ஒருவர் பயணம் கிளம்பினால், வழியனுப்ப வந்தவரும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் எழுவார்கள். அப்போதுதான் போகிற வழி நல்லபடியாக இருக்குமாம். ரோடியோன் பையைக் கீழே வைத்தார். இரண்டு பேரும் அதன் மேலேயே உட்கார்ந்தார்கள். தெமியானின் சின்ன வயதில் வெளியூர் ஆட்டத்துக்குப் போகும்போதெல்லாம் இப்படித்தான் உட்காருவார்கள். ரோடியோனுக்கு அது ஞாபகம் வந்து தொலைத்தது.

"கோச், நான் எதுல கோட்டை விட்டேன்? சொல்லுங்க, ஊருக்குப் போய்ச் சரி பண்ணிக்கறேன்."

ரோடியோன் தேடினார். முந்தாநாள் ஆட்டம், நேற்றைய ஆட்டம், இன்று காலைப் பயிற்சி எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் பையன் மலை மாதிரி நின்றிருந்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

"இடது கை," என்றார். "க்ளவுஸ் கொஞ்சம் லேட்டாப் போகுது."

தெமியான் இடது கையை விரித்துப் பார்த்தான், மூடிப் பார்த்தான்.

"அப்படியா? நான் அதான் நல்லா இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். பரவாயில்ல கோச். நாளையிலேருந்து வேற மாதிரி வச்சுப் பழகறேன்."

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அழுதிருந்தால் தட்டிக்கொடுத்துச் சமாளித்திருக்கலாம். பாவிப் பையன் அப்படியே நம்பிவிட்டான். முகாமிலேயே அந்த இடது கைக்கு ஈடு கிடையாது. நல்லா இருக்கிற கையை வீட்டுக்குப் போய்த் தானே கெடுத்துக்கொள்ளப் போகிறான்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. தெமியான் எழுந்து பையின் ஒரு பிடியைப் பிடித்தான். மறு பிடியை ரோடியோன் விடவில்லை.

"கோச், பஸ்."

"உன் கைல ஒரு குறையும் இல்லடா." "நான் சொன்னது பொய். உன்னை எடுத்தா, தன் பையன்னு எடுத்துட்டான்னு சொல்வாங்களேன்னு பயந்துட்டேன்."

தெமியான் அவரையே பார்த்தான்.

"இதுக்காகவா கோச்?"

டிரைவர் ஹாரனை அமுக்கினார்.

"ஏறுறீங்களா, இல்லையா? குளிர் பூரா உள்ள வருது!"

"நீங்க போங்க, போங்க," என்று ரோடியோன் கையைக் காட்டினார். பஸ் போய்விட்டது.

இரண்டு பேரும் வந்த வழியே திரும்பி நடந்தார்கள். இந்தத் தடவை தெமியான் பையைக் கேட்கவில்லை. கேட்காதது நியாயம்தான் என்று ரோடியோனுக்குத் தோன்றியது.

அவனை உடை மாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டு, பையும் தோளுமாகவே குருவின் அறைக்குப் போனார். சவேலி மார்க்கோவிச் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேசையில் தேநீர் ஆறிப்போய்க் கிடந்தது, ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

"பஸ் வரலையா?"

"வந்துச்சு."

"அப்புறம்?"

"அவன்கிட்ட சொல்ல எங்கிட்ட காரணம் இல்ல."

குரு தலையாட்டினார். ரோடியோன் பையை இறக்கி வைத்தார். தோள் கழன்றுவிடும்போல வலித்தது.

"நான் அவனை ஏத்திவிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"என்ன பண்றது? லூக்காதான் ஆடியிருப்பான். உன் பொறுப்புன்னு சொல்லிட்டேனே, சொன்னது சொன்னதுதான். எனக்கு இன்னைக்குத் தூக்கம் வந்திருக்காது, அவ்வளவுதான்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "லூக்காகிட்ட சொல்ல ஏதாவது இருக்கா?"

"இருக்கு. அடிக்கறதுக்கு முன்னாடியே முட்டி போட்டுடறான். கோல்ல மேல பூரா திறந்து கிடக்கு. முந்தியே சொல்லியிருக்கணும், நான் சொல்லலை."

"அதையும் சேர்த்துச் சொல்லு. அவனும் நல்ல பையன்தான், மனசு உடைஞ்சுபோகும். அவசரப்படாத. கூட உக்காந்திருந்துட்டு, அடுத்த பஸ்ல ஏத்திவிடு."

ரோடியோன் கதவுவரை போனார். கைப்பிடியைத் தொட்டவர் அப்படியே நின்றார்.

"நாளைக்கு எல்லாரும் பேசுவாங்க, சவேலி மார்க்கோவிச். கடைசில தன் ஆளையே எடுத்துக்கிட்டான்னு."

"பேசுவாங்கதான். பேசாம இருப்பாங்களா?" குரு ஆறிப்போன தேநீரை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். "அந்தப் பேச்சு நீ சுமக்க வேண்டிய பை, ரோடியோன். அதைப் போய் அந்தப் பையன் தலையில கட்டி ஊருக்கு அனுப்பப் பாத்தியே."