பந்தியில் வாசித்த புகார்

குரு வடிவம்மையின் மடத்தில் ஒரு வழக்கம். யாரைப் பற்றியாவது புகார் இருந்தால், மதியப் பந்தியில் அவர் முகத்துக்கு நேரே வாசிக்க வேண்டும். அதனாலேயே, கேட்பவருக்குப் புரியக் கூடாதென்று, இந்தப் புகாரை இங்கிலீஷில் எழுதியிருந்தார்கள்.

எழுதியவர் சீடர் திருவேங்கடம். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். எட்டு மாதமாகப் பந்தியில் தன் பக்கத்தில் சாப்பிடும் தோல் தொழிற்சாலைப் பெண்ணைத் தனியே உட்காரவைக்க வேண்டும் என்பது கோரிக்கை. கீழே பதினேழு கையெழுத்து.

புகாரை வாங்கிய வடிவம்மை அம்மா ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தார். "இது என்ன?"

"அப்நாக்சியஸ். சகிக்க முடியாதவர்னு அர்த்தம். லத்தீன்லேருந்து வந்ததும்மா." அவர் குரலில் வகுப்பறை உற்சாகம் வந்துவிட்டது. "ஆரம்பத்துல அர்த்தமே வேற. தீங்குக்கு ஆளாகக்கூடியவர், காப்பில்லாதவர். போகப்போக, அடிபடுறவரைச் சொன்ன வார்த்தை, மத்தவங்களை முகம் சுளிக்க வைக்கிறவரைச் சொல்ல ஆரம்பிச்சிடுச்சு."

"சரி. அவங்களுக்குத் தமிழ்ல வாசிங்க, புரொபசர் ஐயா."

மதியப் பந்தியில் இலை போட்டிருந்தது. திருவேங்கடம் வாசிக்கத் தொடங்கி, அந்தச் சொல்லில் நின்றார்.

"இந்தம்மா... தீங்குக்கு ஆளாகக்கூடியவங்க."

அந்தப் பெண் கைகளை நீட்டிக் காட்டினார். தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வெந்து விரல்நுனிகள் உரிந்திருந்தன.

"ஆமா சார். கையுறை கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. நீங்களாச்சும் கவனிச்சீங்களே."



"பதினேழு பேரும் இந்த அர்த்தத்துலதான் கையெழுத்துப் போட்டாங்களா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"எழுதின நீங்க?"

"இல்ல. ஆனா நான் சொன்னது பொய்யில்லம்மா. அகராதியிலேயே இருக்கு."

"அகராதியா இவங்களைத் தள்ளி உட்காரச் சொல்லுது? நீங்க எழுதினதை வாசிங்க."

வாசித்தார். நாற்றம். அருவருப்பு. தனி இடம். இங்கிலீஷில் கௌரவமாக இருந்தவை, தமிழில் தயங்கித் தயங்கியே வெளியே வந்தன.

அந்தப் பெண் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வாடை அடிச்சா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே சார். இதுக்கா பதினேழு பேரு?"

எழுந்தார். சோறு வைக்காத இலையை மடித்துவிட்டு வாசலைத் தாண்டி நடந்தார்.

திருவேங்கடம் பின்னாலேயே விரைந்தார். கூப்பிட வாய் திறந்தவர், படியிலேயே நின்று திரும்பினார்.

"அம்மா, அவங்க பேரு என்ன?"

"பக்கத்து இலையில சாப்பிட்டவங்க பேரு தெரியல," என்றார் அம்மா. "அவங்க எப்படிப்பட்டவங்கன்னு மட்டும் எழுதத் தெரிஞ்சுது."